யோகப்பிரியாவின் வலது காது

கல்யாண வீட்டுப் பந்தியில் என் பேத்தி யோகப்பிரியா எப்போதும் வரிசையின் இடது கடைசி இலையில்தான் உட்காருவாள். அந்த இலை காலியாக இல்லையென்றால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பாள், வயிறு காய்ந்தாலும் சரி. நாலு பேரோடு ரோட்டில் நடந்தால் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். பஸ்ஸிலும் இடப்பக்கத்து ஜன்னல்தான். எங்கே போனாலும் ஊர் உலகம் மொத்தத்தையும் தன் வலப்பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

பார்க்கிறவர்கள் அதைத் திமிர் என்றார்கள். எதிர்வீட்டுக் காளியாத்தாள் என்னிடமே கேட்டாள்.

"உன்ற பேத்திக்கு என்ன அத்தனை ராங்கி? வாசல்ல நின்னு கூப்படறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்கறா."

"நீ இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கூப்புடு" என்றேன். வேறென்ன சொல்ல?

சொல்ல வேண்டியதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தாடையில் பூசினோம். வீக்கம் வடிந்தது, காய்ச்சலும் விட்டது, புள்ளை எழுந்து விளையாடப் போனாள். சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கவில்லை. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோசனம் இல்லை என்றார் டாக்டர். வலது காது நன்றாகக் கேட்கும், அதை வைத்துப் பிழைத்துக்கொள்வாள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மருமகள் தங்கமணி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "ஏனுங்க அத்தை, இது நம்ம ஊட்டோட இருக்கட்டுமுங்க. பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுங்க."

என் மகன் பூபதிராஜாவும் சரியென்று தலையாட்டினான். அப்படியே வருஷங்கள் ஓடின. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அதே தங்கமணிதான். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நிறுத்தாதே, எழுது என்கிறேன்.

காது போனதைவிட, காது போனதை மறைத்ததுதான் யோகப்பிரியாவுக்குப் பாடாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் விளையாடினாள். இடப்பக்கத்துப் பெண் "எனக்கு, எனக்கு" என்று கத்தியது கேட்காமல் இவளும் பந்துக்குப் பாய்ந்து, இரண்டு பேரும் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இவளைக் கூப்பிடவில்லை. அப்புறம் ஊரில் வள்ளி கும்மி பழக ஆரம்பித்தார்கள். பச்சைச் சேலையும் சலங்கையுமாக முதல் வரிசையில் ஆடினாள். வட்டம் திரும்பும்போது ஆசிரியர் கொடுக்கிற குரல் இடப்பக்கமாக வந்தால் இவள் ஒரு அடி பிந்துவாள். இரண்டாம் வரிசைக்கு மாற்றினார்கள். அப்புறம் கடைசி வரிசை. அப்புறம் ஆட்டம் எந்த ஊரில் என்று சொல்லியனுப்புவதையே விட்டுவிட்டார்கள். யாரும் வாயைத் திறந்து போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது இவளும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

படித்து முடித்து, கேரள எல்லையோரத்து எங்கள் வடகரப்பதிப் பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று மெஷினில் பார்த்துச் சொல்கிற வேலை. மத்தியானப் பால் முடிந்து வந்தால், தோட்டத்து மோட்டார் ரூம் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்குள் போன் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மறு நிமிஷம் கேரளா டவருக்குத் தாவும். எல்லையில் குடியிருக்கிற எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மோட்டார் ரூம் படியில் மட்டும் அது ஒரே இடத்தில் நிற்கும். அங்கே உட்கார்ந்துதான் போனில் அந்தத் துப்பாக்கி விளையாட்டு.

நான் மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போகும்போது நின்று பார்ப்பேன். நாலு பேர் போலீஸ். எதிர்ப்பக்கம் நாலு பேர் தீவிரவாதிகள். அவர்கள் ஒரு பெரிய கட்டடத்துக்குள் வெடிகுண்டு வைத்துவிடுவார்கள். அது வெடிப்பதற்குள் இந்த நாலு பேரும் உள்ளே போய், அவர்களை அடக்கி, குண்டைச் செயலிழக்க வைக்க வேண்டும். ஒருமுறை சுடுபட்டால் அந்தச் சுற்று முடிகிறவரை எழுந்திருக்க முடியாது. தன் கூட்டாளியையே தவறிச் சுட்டாலும் சாவு சாவுதான். குண்டு வைக்கிறவனைப் பிடிக்கிற வேலை என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. சோறு ஆறிப்போகிறதே என்பதுதான் என் சண்டை.

கூட்டாளிகள் மூன்று பேரும் இடுக்கி மலைக்காரர்கள். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். ஜிபி கட்டப்பனையில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன், அவன்தான் தலைவன். ஜோமோள் அவன் தங்கை. இரண்டு பேரும் மலையாளத்துப் பிள்ளைகள், ஆனால் எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவார்கள். மூன்றாமவர் சுவக்கீன், வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை செய்கிறவர், நாற்பது வயதுக்காரர். அவர் பேச்சு தென்பாண்டிப் பக்கத்துப் பேச்சு.

அவர்களுக்கு யோகப்பிரியா மேல் பெரிய மரியாதை. இவளுக்குப் பொறுமை அதிகம். ஒரு மூலையில் பதுங்கி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிரு என்றால் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். எவன் தலை நீட்டினாலும் தப்பமாட்டான். "வாசல்ல யோகா இருந்தா எலி கூட உள்ள கேறாது" என்பான் ஜிபி. அந்த வார்த்தையைக் கேட்கும்போது புள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தக் கூட்டத்தில் இவளுக்கு இடம் வலம் என்று எதுவும் இல்லை. குரல் போனில் வருகிறது, போனை வலது காதுப் பக்கம் வைத்துக்கொள்கிறாள். இவள் காதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கடைசி வரிசைக்குத் தள்ளாத ஒரே கூட்டம் அதுதான்.

அதிலும் ஒரு சங்கடம் வந்தது. மற்றவர்கள் ஹெட்செட்டை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, காலடிச் சத்தம் இடமா வலமா, முன்னாலா பின்னாலா என்று கேட்டே கண்டுபிடிப்பார்கள். இவளுக்குக் காலடி கேட்கும். எந்தப் பக்கம் என்பது வராது. அதனால் ஹெட்செட்டே மாட்டாமல் ஸ்பீக்கரில் போட்டுத்தான் ஆடுவாள். சத்தம் கேட்டால் குத்துமதிப்பாகத் திரும்பிச் சுடுவாள். ஒருநாள் சுவக்கீன் சொல்லாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்தார், அவரைச் சுட்டாள். மறுநாள் ஜோமோளை. அதற்கடுத்து மறுபடியும் சுவக்கீனை.

ஜிபிக்குக் கோபம் வந்துவிட்டது. "யோகா! அது நம்ம ஆளாணு! சுவக்கீன் அண்ணன்!"

"சின்னப் புள்ளைய ஏசாதய்யா" என்றார் சுவக்கீன். "செத்தது நான்லா? நானே சும்மா கெடக்கேன். ஒண்ணு பாத்தியா, குறி தப்பவே இல்லை."

"அண்ணா, தமாஷ் வேண்டா. யோகா, அண்ணன் எழுந்து போகும்போ ஒரு வார்த்தை கேட்டாப் போதும். எங்க போறீங்க? அத்தற தானே, அவ்வளவு தானே? ஏன் கேக்கலை?"

யோகப்பிரியா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் புறப்படுகிறவர்களை எங்கே போகிறாய் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெடும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால், "தூரமுங்களா?" என்று மட்டும் கேட்கலாம். போகிறவருக்கு விருப்பமிருந்தால் சொல்லுவார். என் வீட்டுக்காரர் காளிச்சாமி ஒருமுறை மாட்டுச் சந்தைக்குப் புறப்பட்டு வாசல் தாண்டும்போது, இதே காளியாத்தாள்தான், அப்போது புதுப்பெண், "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். அவர் வாங்கிக்கொண்டு வந்த மாடு பாதி வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அது எந்த ஊரில் மேய்ந்ததோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க நான் விட்டதில்லை. மாடு அறுத்துக்கொண்டதற்குக் கயிறு இற்றுப்போனதுதான் காரணம் என்பான் என் மகன். அவன் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

யோகப்பிரியா அந்த வீட்டில் வளர்ந்தவள். யாராவது எழுந்து புறப்பட்டால் அவள் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

மறுநாள் அவளும் முயற்சி செய்தாள். சுவக்கீன் நகர்ந்தார். இவள் தொண்டையைக் கனைத்தாள். "அண்ணா... தூரமுங்களா?"

ஜோமோள் சிரிக்க ஆரம்பித்து அடங்கவே இல்லை. சிரிக்கும்போதே எதிரி அவளைச் சுட்டுவிட்டான்.

"தூரமோ?" என்றான் ஜிபி. "யோகா, அவர் அடுத்த முறிக்குப் போறாரு! பக்கத்து ரூமு!"

அன்றைக்கும் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜிபியின் குரல் இறங்கிவிட்டது. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"யோகா, ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் மேட்ச். ஜெயிச்சா கொச்சியில ஸ்டேஜ்ல கேறி ஆடலாம். நாங்க மூணு கொல்லமா, மூணு வருஷமா, இதுக்குக் காத்திருக்கோம். நாளைக்கு ஒரு பிராக்டீஸ் இருக்கு. அதிலும் நம்ம ஆளைச் சுட்டா... கட்டப்பனையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஆடட்டும். விஷமிக்காதே, சங்கடப்படாதே."

ஞாயிற்றுக்கிழமை மட்டும். வள்ளி கும்மியிலும் முதலில் இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்றுதான் பின்னால் தள்ளினார்கள்.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. தங்கமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அத்தை, அது படத்துல ஓடற பொம்மைங்க. பொம்மைய எங்க போறேன்னு கேட்டா என்னங்க ஆயிரும்? நீங்க ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னா அவ கேப்பாளுங்க."

"பொம்மைய நடத்தறது ஆரு? மனுசன். துப்பாக்கியத் தூக்கிட்டு ஒரு மனுசன் பொறப்படறான், அவனைப் போயி எங்கடா போறேன்னு கேக்கறதா? அவன் திரும்பி வர வேண்டாமா?"

"திரும்பி வந்தா இவளே சுட்டுப்போடறாளேம்மா" என்றான் பூபதிராஜா.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. யோகப்பிரியா கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"ஆத்தா, சண்டை வேண்டாமுங்க. கேக்கறதுக்கு எனக்கே வாய் வர மாட்டீங்குது. கேட்டாலும் பத்தாது. அவங்க பதில் சொல்றதுக்குள்ள காலடி வந்துருது. மத்தவங்க காதுல கேட்டுப் பாத்துக்கறாங்க. என்னால முடியாது. அது அவங்களுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம் கண்ணு" என்றாள் தங்கமணி சட்டென்று.

யோகப்பிரியா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானப் பால் முடிந்து வந்ததும் நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். தங்கமணியும் நானும் பின்னாலேயே போனோம். நான் தட்டு எடுக்கிற சாக்கில் போனேன், தங்கமணி எந்தச் சாக்கும் இல்லாமல் வந்தாள். போனில் மூன்று குரலும் வந்தாயிற்று. ஜிபி ஆட்டத்தைத் தொடங்கப் போனான்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் யோகப்பிரியா. "ஆடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். எனக்கு இடது காது கேக்காதுங்க. சின்னதுல இருந்தே. காலடி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் நம்ம ஆளையே சுட்டேன். இதுக்கு மேல என்னை வெச்சுக்கறதும் வெச்சுக்காததும் உங்க இஷ்டம்."

தங்கமணி என் கையைப் பிடித்தாள்.  கதவைச் சாத்திவிட்டு அவள் காத்து வந்த வார்த்தை, தோட்டத்து வெயிலில், எந்த மலையிலோ இருக்கிற மூன்று பேருக்குக் கேட்கும்படி போய்விட்டது.

 டவர் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எடோ" என்றான் ஜிபி கடைசியில். "அப்ப இவ்வளவு நாளும் நீ ஒரு காதை வச்சா எங்களைக் கொன்னே?"

"ஆமாங்க."

"ரெண்டு காதும் இருந்திருந்தா?"

"சேட்டனை முதல் நாளே கொன்னிருக்கும்" என்றாள் ஜோமோள். "நல்ல காரியம் மிஸ்ஸாயிப் போச்சு யோகேச்சி."

யோகப்பிரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது முன்னமே சொல்லியிருக்கலாம்லா தாயி" என்றார் சுவக்கீன். "நான் மேல இருந்து பூனை மாதிரி இறங்கி வந்து உன் கையால நித்தம் செத்துக்கிட்டிருக்கேன். சரி, காது இருக்கட்டும். வாயைத் தொறந்து எங்க போறேன்னு கேக்க என்ன கொறச்சல்?"

"எங்க ஊட்டுல பொறப்படறவங்களை அப்படிக் கேக்க மாட்டமுங்க அண்ணா. காரியம் கெட்டுரும்."

"ஓ, அதுவா?" சுவக்கீன் குரலே மாறிவிட்டது. "எங்கம்மையும் கேக்க விடமாட்டா. ஒருக்கா நான் கேட்டதுக்கு எங்க அய்யா செருப்பைக் கழத்திப் போட்டுட்டுத் திரும்ப வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. ஏல ஜிபி, அந்தப் புள்ள கேக்காது. கேக்கவும் கூடாது."

"இனி என்ன செய்யும்?" என்றான் ஜிபி. "கேக்கக் கூடாது, காதும் கேக்காது. நாளைக்கு மேட்ச்!"

யோகப்பிரியா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தோட்டத்தில் தென்னை மட்டை ஒன்று விழுந்தது.

"எங்க ஊட்டுல யாரும் கேக்கறதில்லை. ஆனா யாரு எங்கன்னு எல்லாருக்குமே தெரியும்" என்றாள். "ஏன்னா, போறவங்க காலைத் தூக்கறதுக்கு முன்னாலயே அவங்களே சொல்லீட்டுப் போவாங்க. அப்பா சொல்லுவாரு, கீழ்த் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தர்றேன்னு. நீங்களும் அப்படியே பண்ணுங்க. எந்திரிச்சதுக்கு அப்பறம் சொன்னா எனக்கு ஆகாது. எந்திரிக்கறதுக்கு முன்னால சொல்லோணும். எந்த வழியாப் போறீங்க, எந்த வழியா வருவீங்க, ரெண்டும். நான் மனசுல உங்களை அங்க அங்க நிறுத்திக்குவேன். அதுக்கப்பறம் வர்ற காலடி உங்களுதில்லைன்னா, அது எதிராளிதான்."

எனக்கு அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்ததே அதிகம். "போறேன்னு சொல்லக் கூடாது!" என்று பின்னாலிருந்து கத்தினேன். "போயிட்டு வர்றேன்னு சொல்லோணும்!"

"அது ஆரா?" என்றான் ஜிபி திடுக்கிட்டு.

"எங்க ஆத்தாங்க."

"ஆத்தா பறஞ்சா சரி" என்றான் அவன். "போயிட்டு வரேன். எல்லாரும் கேட்டல்லோ?"

அன்றைக்கு ஆடினார்கள். முதலில் ஜிபிக்கு மறந்து மறந்து போயிற்று. ஓடிக்கொண்டே "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னான், எங்கே என்பதை விட்டுவிட்டான். ஜோமோள் ஆள் முழுதாகச் செத்து விழுந்த பிறகு "போயிட்டு வரேன் யோகேச்சி" என்றாள். ஆனால் இவள் நம் ஆள் ஒருவரையும் சுடவில்லை. கட்டப்பனைக்காரனின் பேச்சை ஜிபி அப்புறம் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பால் வேலையை முடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். நான், தங்கமணி, பூபதிராஜா மூன்று பேரும் அவள் வலப்பக்கத்தில் வரிசையாக நின்றோம். இந்தச் செலக்‌ஷன் மேட்சில் செத்தவர்கள் பேசக் கூடாது என்று ஒரு சட்டம். எனக்கு அது பிடித்திருந்தது. செத்த பிறகும் பேசுகிற ஆட்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய உண்டு.

எதிராளிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு சுற்று இவர்களுக்கு, ஒரு சுற்று அவர்களுக்கு என்று மாறி மாறி வந்து, சமமாக நின்று, கடைசிச் சுற்றில் வந்து முட்டியது. கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் குண்டு வைத்துவிட்டார்கள். அது விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது. ஜிபி முன்வாசலிலேயே விழுந்தான். ஜோமோள் புகையைக் கிளப்பிவிட்டு உள்ளே பாய்ந்து இரண்டு பேரை முடித்துத் தானும் விழுந்தாள். இன்னொருவனை யோகப்பிரியா முடித்தாள். எதிர்ப்பக்கம் ஒருவன் மிச்சம். இந்தப் பக்கம் சுவக்கீனும் இவளும்.

"தாயி, நீ மூலையில இருந்து முன்வாசலைப் பாத்துக்கோ" என்றார் சுவக்கீன். "நான் மேமாடியில ஏறி, பொறவாசல் படி வழியா உன் முதுகுக்குப் பின்னால இறங்கிட்டு வாரேன்."

"சரிங்கண்ணா, போயிட்டு வாங்க."

அதோடு அவர் குரல் நின்றுவிட்டது.

"அண்ணா?" என்றாள். பதில் இல்லை. "அண்ணா, கேக்குதுங்களா?" செத்தவர்கள் பேசமாட்டார்கள். அவர் சாகவில்லை என்று திரையில் காட்டுகிறது, ஆனாலும் பேச்சில்லை. குண்டு வேகமாகக் கூவ ஆரம்பித்தது. இவள் எழுந்துபோய்க் குண்டைத் தொட்டால், மிச்சமிருக்கிறவன் வந்து முதுகில் சுட்டுவிடுவான். எழாமல் இருந்தால் குண்டு வெடிக்கும்.

காலடி கேட்டது. டக், டக், டக்.

"சுவக்கீனுங்களா?" என்று தங்கமணி கிசுகிசுத்தாள்.

"கம்முனு இரும்மா" என்றாள் யோகப்பிரியா.

எந்தப் பக்கத்துக் காலடி? எனக்கு இரண்டு காது இருந்தும் அந்தப் போனில் தெரியவில்லை. முன்னெல்லாம் இந்த இடத்தில்தான் அவள் திரும்பிச் சுடுவாள். இப்போது கட்டைவிரலைத் திரையிலிருந்து ஒரு நூல் தூக்கிக்கொண்டாள். திரும்பவில்லை. காலடி நின்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு காலடி, இது மெதுவாக, பதுங்கிப் பதுங்கி.

"ஒண்ணு அண்ணனுது. பின்னால வர்றேன்னு சொல்லீட்டுப் போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அப்ப இன்னொண்ணு முன்னாலதான் வரோணும்."

முதுகை அப்படியே பின்காலடிக்குக் கொடுத்துவிட்டு, முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதுகெல்லாம் கூசியது. கதவோரத்தில் புகை கலைந்தது. ஒரு தலை நீண்டது. சுட்டாள்.

விழுந்தவன் எதிராளி. அதே நேரம் இவள் பின்னாலிருந்து ஒரு போலீஸ் உருவம் கடந்து ஓடி, குண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டது. கூவல் நெருங்கி நெருங்கி ஒரே சத்தமாகப் போய், சட்டென்று நின்றது. திரையெல்லாம் பச்சையாக மாறியது.

"செயிச்சிட்டமா? கண்ணு, செயிச்சிட்டமா?" என்று கேட்டுக்கொண்டே பூபதிராஜா படியில் கால் தடுக்கி உட்கார்ந்தான்.

போனில் ஜிபி கத்தியது என்ன மொழி என்றே தெரியவில்லை. ஜோமோள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுவக்கீன் குரல் வந்தது.

"ஏய், இப்பவாவது கேக்குதா? ஹெட்செட்ல சார்ஜ் தீர்ந்து போச்சு. ஏறும்போதும் இறங்கும்போதும் தொண்டை கிழியக் கத்துதேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. தாயி திரும்பினா இன்னைக்கும் நான் காலின்னு கர்த்தரை வேண்டிக்கிட்டே வந்தேன்."

"நீங்கதான் சொல்லீட்டுப் போனீங்களே அண்ணா" என்றாள் யோகப்பிரியா. "அப்பறம் எதுக்குத் திரும்பறது?"

"கேட்டியா ஜிபி? நடுவுல எங்க போறேன்னு கேட்டிருந்தா என் பதில் அவளுக்குப் போயிருக்குமா?"

"சம்மதிச்சு, சம்மதிச்சு" என்றான் ஜிபி. "யோகா, கேளு. கொச்சியில ஸ்டேஜ்ல நாலு சேர் வரிசையாப் போடும். இடத்தே கடைசிக் கசேர உன்னோடது. நாங்க எல்லாம் உன் வலப்பக்கம். நான் இப்பவே அவங்களுக்கு விளிச்சுச் சொல்லிடறேன்."

 இத்தனை வருஷத்தில் அந்த இடது கடைசி இடத்தை யோகப்பிரியா தானாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறாள். இன்னொருவர் அவளுக்காக அதை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அழுகறயா?"

"இல்லீங்க அத்தை. என்னமோ, இத்தனை நாளாத் தூக்கிட்டு நின்ன குடத்தை ஆரோ வாங்கிக் கீழ வெச்ச மாதர இருக்குதுங்க."

கொச்சிக்குப் புறப்படுகிற நாள் காலையில் வேலந்தாவளத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பூபதிராஜா துணைக்குப் போகிறான். யோகப்பிரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். எதிர்வீட்டில் சாணி தெளித்துக்கொண்டிருந்த காளியாத்தாள் குரல் கொடுத்தாள். அது இடப்பக்கம். இவளுக்குக் கேட்கவில்லை, நடந்தாள்.

"பாத்தயா? கூப்படறது காதுலயே ஏற மாட்டீங்குது. என்ன திமிரு" என்றாள் காளியாத்தாள்.

என் மருமகள் தங்கமணி வாசல் நடுவில் வந்து நின்றாள். தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் சொன்னாள்.

"திமிரெல்லாம் இல்லீங்க. அவளுக்கு அந்தக் காது கேக்காதுங்க. சின்னதுலயே போயிருச்சு. பேசோணும்னா வலப்பக்கமா வந்து பேசுங்க."

காளியாத்தாள் கையில் சாணி வாளியோடு அப்படியே நின்றாள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியும் நின்றுவிட்டாள். யோகப்பிரியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தங்கமணி முகத்தைத் திருப்பவில்லை.

"அய்யோ சாமி, இது எனக்குத் தெரியாதே" என்று காளியாத்தாள் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். சுற்றிக்கொண்டு வலப்பக்கமாக வந்து, புள்ளையின் கன்னத்தைத் தடவினாள். தடவிவிட்டு, வாய் நிறையக் கேட்டாள்.

"எங்கம்மிணி கெளம்பீட்டே?"

எனக்கு வந்த கோபம்! "யோகப்பிரியா! திரும்பு ஊட்டுக்குள்ள!"

"ஆத்தா, பஸ்ஸு வந்துருமுங்க!"

"வந்தா நிக்கும். இல்லாட்டி அடுத்த பஸ்ஸு. உள்ள வந்து உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டுப் போ. காளியாத்தா, உன்ற வாயில ஒரு மாடு போனது பத்தாதா?"

"அது கயிறு இத்துப்போனதுன்னு பூபதி சொன்னானே" என்றாள் அவள் சிணுங்கிக்கொண்டு.

பூபதிராஜா தலையில் கை வைத்தான். யோகப்பிரியா சிரித்தபடி உள்ளே வந்து, பையோடு உட்கார்ந்து, தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. காலைத் தூக்குவதற்கு முன்னால், வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தெருவில் நிற்கிற காளியாத்தாளுக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆத்தா, பாலக்காடு வழியாக் கொச்சிக்கு ஆடப் போறமுங்க. ஆடிட்டு இதே வழியா வந்தர்றமுங்க."

"நல்லபடியாப் போயிட்டு வா கண்ணு" என்றேன்.

தெருமுனையில் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.